சீனமும் நாமும் வாங்கும் மென்மரம்

அனகாபுத்தூர் என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருவது தறியோசைதான். மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்ற 'மதராஸ் கைக்குட்டை' துணியால் பெயர் பெற்று, பிற்காலத்தில் வாழைநாரையும் பாவில் சேர்த்து நெய்யக் கற்றுக்கொண்ட ஊர் அது. நகராட்சியாக இருந்து 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்தது. அடையாற்றங்கரையில் அமைந்திருப்பதால் ஆற்றின் நன்மையையும் தீமையையும் சேர்ந்தே அனுபவித்து வந்திருக்கிறது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பெருகியபோது, தாழ்ந்த பகுதிகளில் உள்ள வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை அங்குள்ளோர் இன்றும் மறக்கவில்லை. நீர் வடிந்தபின் நெல்லையும் துணியையும் உலர்த்திவிடலாம். நீரில் ஊறி உப்பிப்போன மலிவுக் கதவை என்ன செய்வது? மாற்றத்தான் வேண்டும்.

அண்மையில் அவ்வூர்ப் பக்கம் சென்றிருந்தபோது, ஒரு தச்சுப் பட்டறையில் அடுக்கி வைத்திருந்த பலகைகளைக் கண்டோம். வெளிர் மஞ்சள் நிறம், கைக்கு இலேசு, ஆங்காங்கே வட்ட வட்டமாகக் கணுக்கள். "இது பைன் மரம், ஐயா, நியூசிலாந்துக் கட்டையை அறுத்தது. வேங்கை, தேக்கு என்று கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். விலை கட்டுப்படியாக வேண்டுமே!" என்றார் தச்சர். பக்கத்தில் மற்றொரு குவியல் இருந்தது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் முதலிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகளுக்கு இயந்திரப் பகுதிகளைச் சுமந்து வந்த பெட்டிகளைப் பிரித்த பலகைகள் அவை. கோதுமைக் கதிர் போன்ற ஒரு முத்திரையும், எந்த நாட்டில் செய்தது என்பதற்கான இரண்டு எழுத்துகளும் அவற்றில் காணப்பட்டன. முத்திரையில் 'எச்.டி.' என்றிருந்தால் வெப்பமூட்டிப் பூச்சிகளைக் கொன்ற மரம், 'எம்.பி.' என்றிருந்தால் மெதில் புரோமைடு என்னும் நச்சுப்புகை ஊட்டிய மரம். பின்னதை அடுப்பெரிக்கப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. இதை இடையே சொல்லி வைக்கிறோம்.

பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கப்பலேறி வந்த மரம் ஓர் ஆற்றங்கரை ஊரில் மலிவாகக் கிடைப்பது எப்படி? மலைவேம்பும் சவுக்கும் நட்டுவிட்டு வெட்டுக்குக் காத்திருக்கும் நம் விவசாயிக்கு இதனால் நேர்வது என்ன? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண வேண்டுமானால் நம் நாட்டை மட்டும் பார்த்தால் போதாது. சீன நாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மென்மரம் என்பது யாது?

பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. ஊசி போன்ற இலையும் கூம்பு வடிவக் காயும் உடைய பைன், தேவதாரு, ஸ்புரூஸ், பர் முதலிய இனங்களையே மர வாணிபத்தில் மென்மரம் என்கிறார்கள். அகன்ற இலையுள்ள மரங்கள் யாவும் வன்மர வகுப்பில் சேரும். நம் தீக்குச்சி மரம் நெட்டியைப் போல் மிருதுவாக இருந்தாலும் கணக்கின்படி அது வன்மரமே!

தமிழ்நாட்டில் இயற்கையான மென்மரக் காடு என்று சொல்லத்தக்கது இல்லை. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் நாம் காணும் பைன் தோப்புகள் வெளிநாட்டு விதையைக் கொண்டு நட்டவை. இந்தியாவின் மென்மரம் பெரும்பாலும் இமயமலைச் சரிவுகளைச் சார்ந்தது. இருப்புப்பாதைக்கு அடியில் கிடந்த குறுக்குக் கட்டைகளும், இமாசலத்து ஆப்பிள் பெட்டிகளும் அங்கிருந்து வந்தவை. 1973இல் தொடங்கிய சிப்கோ இயக்கத்தின் பயனாக, 1981இல் உத்தரப் பிரதேச மலைப்பகுதியில் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் பச்சைமரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. குறுக்குக் கட்டையின் இடத்தைக் கான்கிரீட்டும், ஆப்பிள் பெட்டியின் இடத்தை அட்டைப்பெட்டியும் பிடித்துக்கொண்டன.

இரண்டு கதவடைப்புகள்

நமக்கும் சீனாவுக்கும் இவ்விஷயத்தில் ஓர் ஒற்றுமை உண்டு. இரு நாடுகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தத்தம் காடுகளின் கதவை அடைத்துக்கொண்டன.

நம் நாட்டில் கதவை அடைத்தது நீதிமன்றம். அவ்வழக்குத் தோன்றிய இடம் நம் மாநிலத்துக் கூடலூர்ப் பகுதி. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காடுகள் அழிக்கப்படுவதைத் தடுக்கக் கோரி 1995இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1996 டிசம்பர் 12ஆம் தேதி நீதிமன்றம் பிறப்பித்த ஆணை கூடலூருடன் நிற்கவில்லை. அங்கீகரிக்கப்பட்ட செயல் திட்டமின்றி நாட்டின் எந்தக் காட்டிலும் மரம் வெட்டலாகாது என்றாயிற்று. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே செல்வது தடைப்பட்டது. காட்டை ஒட்டியிருந்த மரமறுக்கும் ஆலைகள் பல மூடப்பட்டன. காடு வருவாய்க்கு அன்று, காப்பதற்கே என்று 1988ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை கூறியது இவ்வாறு செயலுக்கு வந்தது.

சீனாவில் கதவை அடைத்தது வெள்ளம். 1998ஆம் ஆண்டுக் கோடையில் யாங்சி ஆறு பெருகி மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மேல்மலைகளில் காடுகளை அளவின்றி வெட்டியதும் இதற்குக் காரணம் என்று அந்நாட்டு அரசு முடிவு கட்டி, அவ்வாண்டிலேயே யாங்சியின் தலைப்பகுதியில் வெட்டைத் தடுத்தது. படிப்படியாக அத்தடை விரிந்து, 2017 முதல் நாடு முழுவதும் இயற்கைக் காடுகளில் வாணிபத்துக்காக மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. அத்துடன் வெளிநாட்டுக் கட்டைகளின் மீதான சுங்கவரியையும் சீனா நீக்கிவிட்டது. வீட்டில் அடுப்பு மூட்டாதவன் சந்தைக்குச் சென்றுதானே ஆக வேண்டும்?

சீனா ஏறிய ஏற்றம்

1997இல் சீனா வெளிநாடுகளிலிருந்து வாங்கிய முழுக்கட்டைகள், எல்லா இனங்களும் சேர்ந்து, சுமார் 45 இலட்சம் கனமீட்டர். ஒரு கனமீட்டர் என்பது நம் கணக்கில் 35 கன அடிக்குச் சற்று மேல். 2000இல் இது 1 கோடி 36 இலட்சம் ஆயிற்று. 2007இல் 3 கோடி 70 இலட்சத்தைத் தொட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு ரஷ்யாவிலிருந்து வந்தது. அதில் பெரும்பகுதி மென்மரம். மாஞ்சூலி, சுய்பன்ஹே என்ற எல்லைப்புற ஊர்கள், ரயில் ரயிலாக வந்திறங்கிய கட்டைகளை அறுத்தே பெருநகரங்களாக வளர்ந்தன.

ரஷ்யா சும்மா இருக்கவில்லை. "கட்டையாக ஏன் அனுப்ப வேண்டும்? இங்கேயே அறுத்து அனுப்பினால் கூலி நம்மவருக்குக் கிடைக்குமே" என்று கருதி, 2007 ஜூலையில் கட்டை ஏற்றுமதி வரியை 20 சதவீதமாகவும், 2008 ஏப்ரலில் 25 சதவீதமாகவும் உயர்த்தியது. 2022 ஜனவரி முதல் மென்மரக் கட்டை ஏற்றுமதியையே தடை செய்தது. சீன வியாபாரிகள் கடல் பக்கம் திரும்பினர். அங்கே சரக்குடன் காத்திருந்தது நியூசிலாந்து.

நியூசிலாந்தின் கதை நம் விவசாயிகள் அவசியம் அறிய வேண்டியது. அங்கு வளரும் ரேடியாட்டா பைன் அந்நாட்டு மரமன்று. அமெரிக்காவில் கலிபோர்னியாக் கடற்கரையைச் சேர்ந்தது. 1920களின் இறுதியிலும் 1930களிலும், உலகெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் நிலவிய காலத்தில், கூலியாட்களைக் கொண்டு அதைப் பெருந்தோட்டங்களாக நட்டார்கள். நட்ட மரம் இருபத்தெட்டு ஆண்டு அளவில் வெட்டுக்கு வருகிறது. வெட்டிய இடத்தில் மறுபடி நடுகிறார்கள். சுமார் 17 இலட்சம் ஹெக்டேர் தோட்டக் காட்டில் பத்தில் ஒன்பது பங்கு இந்த ஒரே மரம். 2010க்குப் பிந்திய ஆண்டுகளில் சீனாவுக்கு மென்மரக் கட்டை விற்பதில் நியூசிலாந்து முதலிடம் பெற்றது. ஜெர்மனியும் சேர்ந்துகொண்டது. அங்கே 2018 முதல் வறட்சியிலும் பட்டை வண்டிலும் ஸ்புரூஸ் காடுகள் பட்டுப்போக, பட்டுப்போன மரத்தை வந்த விலைக்கு விற்கும்படி நேர்ந்தது.

2021இல் சீனாவின் மென்மரக் கட்டை இறக்குமதி மட்டும் ஏறத்தாழ 5 கோடி கனமீட்டர். அறுத்த பலகைகள் இதற்குப் புறம்பு. லாரிக்குப் பத்துக் கனமீட்டர் ஏற்றுவதாக வைத்துக்கொண்டால் ஐம்பது இலட்சம் லாரிகள் வேண்டும்! இவ்வளவும் எங்கே சென்றது? பெரும்பகுதி, மாடி மேல் மாடியாக எழுந்த கட்டடங்களில் கான்கிரீட் கொட்டுவதற்கான சட்டங்களாகவும் பலகைகளாகவும் சென்றது. ஆகவே 2021இல் அங்கு வீடு கட்டும் தொழிலில் நெருக்கடி ஏற்பட்டதும் மரத்தின் தேவையும் சரிந்தது. 2023இல் மென்மரக் கட்டை இறக்குமதி சுமார் 2 கோடி 80 இலட்சம் கனமீட்டராக இறங்கிவிட்டது. இரண்டே ஆண்டில் பாதிக்குச் சற்று மேல்தான் எஞ்சியது.

நாம் நடந்த நடை

1990களில் மர இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு நாமும் வாங்கத் தொடங்கினோம். ஆனால் நாம் முதலில் நாடியது பர்மாத் தேக்கும் மலேசிய வன்மரமும். தேக்கு என்றால்தான் கதவு என்ற பழக்கம் நமக்கு. 2014 ஏப்ரல் முதல் தேதியன்று மியன்மார் கட்டை ஏற்றுமதியைத் தடை செய்தது. மலேசிய மரமும் அருகி விலை ஏறியது. அவ்வளவில்தான் பைன் நம் வீடுகளுக்குள் தாராளமாக நுழைந்தது. பெரும்பகுதி குஜராத்தின் காண்ட்லாத் துறைமுகத்தில் இறங்கி, அருகிலுள்ள காந்திதாமின் ஆலைகளில் அறுபடுகிறது. நம் பக்கத்துக்குத் தூத்துக்குடி வாயிலாகவும் வருகிறது.

அளவைப் பார்த்தால் வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும். நம் மென்மரக் கட்டை இறக்குமதி, 2021இல் சீனா வாங்கியதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. இரு நாட்டிலும் மக்கள் தொகை 140 கோடிக்குக் குறையாது. சீனாவின் 5 கோடியை அவ்வாறு பங்கிட்டால் ஆளுக்கு ஒன்றேகால் கன அடி மரம் விழும். நம்முடையதை ஆண்டுக்கு 20 இலட்சம் கனமீட்டர் என்று வைத்துப் பங்கிட்டாலோ, ஆளுக்கு ஒரு செங்கல் பருமன்கூட வராது.

ஏன் இத்தனை குறைவு? நாம் ஏழைகள் என்பது மட்டும் விடையாகாது. நம் கட்டடங்களில் கான்கிரீட்டைத் தாங்குவது செங்கற்பட்டுக் கடற்கரை மணலில் விளைந்த சவுக்குக் கட்டையும் இரும்புத் தகடும். சீனத்து மேஸ்திரி பைன் சட்டத்தைத் தேடும் இடத்தில் நம் மேஸ்திரி சவுக்கைத் தேடுகிறார். இவ்விதத்தில் நம் சவுக்கு விவசாயி, தாம் அறியாமலே நியூசிலாந்துத் தோட்டக்காரரின் போட்டியாளராக இருந்து வருகிறார். அன்றியும், காட்டின் கதவு அடைபட்டபோது நம் ஆலைகளுக்குக் கைகொடுத்தவன் உழவன். ஹரியானாவின் யமுனாநகரில் ஒட்டுப்பலகை ஆலைகள் பெருகியது, பக்கத்து வயல்களில் வளர்ந்த பாப்லரையும் யூகலிப்டசையும் நம்பியே. 2011ஆம் ஆண்டு இந்திய வன நிலை அறிக்கை தரும் கணக்கு இது: காடுகளிலிருந்து ஆண்டுக்குக் கிடைக்கும் மரம் சுமார் 31.75 இலட்சம் கனமீட்டர். காட்டுக்கு வெளியே, வயல் வரப்பிலும் தோப்பிலும் சாலையோரத்திலும் நிற்கும் மரங்களிலிருந்து கிடைக்கக்கூடியது 4 கோடி 27 இலட்சம். நம் நாட்டின் உண்மையான மரக்காடு எது என்பது இதனால் விளங்கும். வரப்பு மரத்தை வேலியோரச் செடியாகவே நினைத்து வந்த அதிகாரிகளும் உண்டு. அவர்கள் இந்த எண்ணை ஒருமுறை படிக்க வேண்டும்.

புகை தந்த தொல்லை

இறக்குமதி குறைந்து நிற்பதற்கு மற்றொரு காரணம், பலர் அறியாதது. வெளிநாட்டுக் கட்டையோடு வண்டும் பூஞ்சையும் வந்துவிடலாகாது என்பதற்காக, 2003ஆம் ஆண்டுத் தாவரத் தடைக்காப்பு ஆணையின்படி மெதில் புரோமைடு புகையூட்டிய கட்டையையே நாம் ஏற்று வந்தோம். பட்டை நீக்கிய கட்டையையும், கப்பலறையில் பாஸ்பீன் ஊட்டிய கட்டையையும் சீனா ஏற்றது. மெதில் புரோமைடோ, வானத்து ஓசோன் படலத்தை அரிப்பது. கப்பலறைகளில் அதை ஊட்டிக் காற்றில் விடுவதை 2023 ஜனவரி முதல் நியூசிலாந்து தடுத்துவிட்டது. விளைவு, அங்கிருந்து நமக்கு வரும் கட்டை வெகுவாகக் குறைந்து, உருகுவே முதலிய நாடுகளை நம் வியாபாரிகள் நாடினர். பின்னரே மாற்றுப் புகைக்கு நம் அரசு இசைந்தது.

தடைக்காப்பே வீண் என்று இதைக்கொண்டு நினைக்கலாகாது. வேற்று நாட்டு வண்டு ஒன்று நம் தோப்புகளில் குடியேறிவிட்டால் வரும் நஷ்டத்தை எந்த மலிவு மரமும் ஈடு செய்யாது.

விலை எங்கே தீர்மானமாகிறது?

மாட்டுச் சந்தையில் நாம் பார்த்திருக்கிறோம். வெளியூர்ப் பெரிய வியாபாரி இருபது லாரியுடன் வந்து இறங்கினால், ஒரே ஒரு சோடி எருது வாங்க வந்த விவசாயியும் அன்றைய விலையைத்தான் கொடுக்க வேண்டும். பெரிய வியாபாரி வராத நாளில் அதே எருது இறங்கிய விலைக்குக் கிடைக்கும். மென்மரச் சந்தையிலும் நிலை இதுவே. பசிபிக் கரையில் கட்டையின் விலையை நிர்ணயிப்பது சீனத் துறைமுகத்துக் கிடங்கு. அங்கு கிடங்கு காலியானால் நமக்கு விலை ஏறும். அங்கு கட்டை தேங்கினால், விற்பவர்களின் கண் நம் பக்கம் திரும்பும். மழை, உரம், நாற்று என்று கணக்குப் பார்க்கும் மரவிவசாயி, எங்கோ ஒரு சீன நகரத்தில் பாதியில் நின்ற மாடிவீட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டிய காலம் இது.

இதில் ஜப்பானின் அனுபவம் நினைவில் வைக்கத்தக்கது. உலகப் போருக்குப் பின் அந்நாட்டார் மலைகளெங்கும் சுகி என்னும் மென்மரத்தை நட்டார்கள். அது வளர்ந்து வருவதற்குள், 1964இல் மர இறக்குமதி முற்றிலும் தாராளமாக்கப்பட்டது. வெளிநாட்டு மரம் மலிவாகக் குவிந்தது. 2002 அளவில் அவர்களுடைய தேவையில் உள்நாட்டு மரம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிற்று. நட்ட மரத்தை வெட்டினால் வெட்டுக் கூலிக்கே கட்டாது என்ற நிலையில் மலைக் கிராமத்தார் அதை அப்படியே விட்டுவிட்டனர். வெட்டாத சுகி மரங்கள் ஆண்டுதோறும் கொட்டும் மகரந்தத்தால் நகரத்து மக்கள் தும்மித் தவிப்பது தனிக்கதை. பிறகு அரசு முயன்று, 2020இல் உள்நாட்டுப் பங்கை 40 சதவீதத்துக்கு மேல் உயர்த்தியது.

நம் விவசாயிக்கு ஒரு வசதி உண்டு. நியூசிலாந்தில் இருபத்தெட்டு ஆண்டு; சுகிக்கு அதைவிட அதிகம். நம் மலைவேம்பு ஆறு முதல் எட்டு ஆண்டில் ஒட்டுப்பலகை ஆலைக்குச் செல்லும். சவுக்கு நான்கைந்து ஆண்டில் வெட்டுக்கு வரும். விலை வீழ்ந்த ஆண்டில் ஓராண்டு பொறுத்தால் மரம் அழுகிவிடாது, பருத்தே நிற்கும். நெல்லுக்கும் தக்காளிக்கும் இந்தப் பொறுமை கூடாது. ஆனால் கடன் வாங்கி நட்டவர் எத்தனை நாள் பொறுப்பார் என்பதும் நியாயமான கேள்வியே. ஆகவே நிலம் முழுவதையும் ஒரே மரத்துக்கு விடாமல், வரப்பிலும் ஒரு பகுதியிலுமாக நடுவதையே நாம் விரும்புகிறோம்.

ஊராட்சிகளுக்கும் இதில் பழைய பழக்கம் உண்டு. ஏரிகளின் உட்பகுதியில் கருவேல் நட்டு ஏலம் விடும் முறை, 1981இல் ஸ்வீடன் நாட்டு உதவியுடன் தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தால் தமிழ்நாடெங்கும் விரிந்தது. ஏலத் தொகையில் ஊராட்சிக்கும் பங்கு கிடைத்தது. கதவு, நிலை, பெஞ்சு முதலியவற்றுக்கு ஒப்பந்தம் விடும் அங்கத்தினர்கள் பைன் மரத்தைப் பற்றி ஒன்று அறிந்திருக்க வேண்டும். அது கெட்ட மரமன்று; ஆனால் நம் நாட்டுக் கரையானுக்கு அது விருந்து. மருந்தேற்றி உலர்த்திய பலகையாயின் உள்வேலைக்கு உழைக்கும். ஈரம் உலராமல் நீலம் பாய்ந்த பலகையை நிலைக்குப் போட்டால், முதல் மழைக்காலத்திலேயே கதவு சாத்த வராது. அனகாபுத்தூர்த் தச்சர் சொன்னதும் இதுவே: விலையைப் பார்க்குமுன் கணுவையும் ஈரத்தையும் பார்க்க வேண்டும்.

விற்கும் பக்கத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது அளவை. சவுக்கும் ஆலைக்குச் செல்லும் மலைவேம்பும் பெரும்பாலும் எடைக்கு விலைபோகின்றன. அங்கே தராசைப் பார்த்துக்கொண்டால் போதும். தேக்கு, வேம்பு, வேலம் முதலியவற்றைக் கன அடிக்கு விற்கும்போது, கட்டையின் நடுச் சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவது பழைய வழக்கம். உதாரணமாக, சுற்றளவு 40 அங்குலம், நீளம் 10 அடி உள்ள கட்டைக்குக் கால் பங்கு 10 அங்குலம். இம்முறைப்படி ஏறத்தாழ 7 கன அடி வரும். அக்கட்டையில் உண்மையாக உள்ள மரமோ 8.8 கன அடி. பட்டைக்கும் அறுப்புச் சேதத்துக்கும் சேர்த்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்குபவர் முன்கூட்டியே கழித்துக்கொள்கிறார் என்று பொருள். அதற்குப் பிறகும் 'பட்டைக் கழிவு' என்று சுற்றளவில் இரண்டு அங்குலம் குறைக்கச் சொன்னால், அது இரண்டாவது கழிவு. காகிதத்தில் இரு கணக்கையும் போட்டு வைத்துக்கொண்டு விலை பேசலாம்.